அந்த ஆமையைக் கடலூருக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிறவன். 16 வயதில் ஊசி பிடித்தேன், இப்போது 63. போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி, "தாத்தா, வலையிலயே ஆமை செஞ்சி வச்சிருக்காங்களாம், வா பாக்கலாம்" என்று புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றுச்சூழலைப் பற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிற கலைக் கண்காட்சி. கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருவில், ஒரு பழைய வீட்டில் வைத்திருந்தார்கள்.

பாட்டில் மூடிகளில் போட்ட கோலம், பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஆறு, எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. நான் அதிக நேரம் நின்றது ஆமையிடம். பங்குனி ஆமை. வருஷா வருஷம் எங்கள் கரையில் முட்டையிட ஏறி வருகிற அதே ஆமையை ஒரு கட்டில் அகலத்துக்குச் செய்திருக்கிறார்கள். ஓடு முழுக்கப் பழைய வலை.

ஓட்டின் இடது பக்கத்தில் ஒரு பச்சை நண்டு வலை. அதில் கையகலத்துக்கு மட்டும் நீல நூல். கிழிந்த இடத்தை யாரோ பொத்தியிருக்கிறார். பச்சை நூல் தீர்ந்துபோய், இருந்த நீலத்தை எடுத்திருப்பார். நல்ல கை. கிழிசலின் ஓரத்தைச் சுத்தமாக வெட்டிவிட்டு, முடிச்சுக்கு முடிச்சு எண்ணிப் பின்னியிருக்கிறார். ஒரு கண்ணிகூடக் கோணவில்லை. இந்த அளவு இடத்தைப் பொத்த எனக்கே அரை மணி நேரம் ஆகும்.

பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி மாட்டியிருந்ததைப் பேத்தி படித்துச் சொன்னாள். மீனவர்கள் கடலில் வீசியெறிந்த வலைகளால் செய்த ஆமை என்று எழுதியிருக்கிறதாம். எனக்கு மனசு ஆறவில்லை. வீசியெறியப் போகிறவர் எதற்காக நீல நூலைத் தேடி எடுத்துப் பின்னினார்?

வலையை யாரும் தூக்கிப் போடுவதில்லை ஐயா. வலை வாங்குவதற்காக வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வலை எப்படிப் போகிறது என்றால், கடலடியில் பாரில், அதாவது பாறைத் திட்டில், மாட்டிக்கொள்ளும். இழுத்தால் பைபர் படகே சாயும், அறுத்துவிட்டு வருவதைத் தவிர வழி கிடையாது. ராத்திரி விரித்த வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போய்விடும். விடிந்து பார்த்தால் பாதிதான் இருக்கும். 2004 சுனாமியில் எங்கள் கரையிலிருந்த வலையை எல்லாம் கடல் வாரிக்கொண்டு போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் மறுபடியும் போனது. அன்றைக்குப் போன வலையெல்லாம் எங்கே கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

என் அப்பா காலத்தில் பருத்தி நூல் வலைதான். பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டுக் காயவைப்பார்கள், அப்போதுதான் நூல் சீக்கிரம் இற்றுப்போகாது. அப்படிப்பட்ட வலை கடலில் தொலைந்தாலும் கொஞ்ச நாளில் மக்கிவிடும். நைலானும், நரம்பு மாதிரி ஒற்றை இழையாக இருக்கும் தங்கூசியும் அப்படி இல்லை. ஆள் இல்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே கிடக்கும், மேலே மூச்சுவிட வருகிற ஆமையையும் பிடிக்கும். செத்த ஆமையின் கழுத்திலிருந்து வலையை அறுத்து எடுத்தவன் நான். அதனால் அந்தச் சிற்பம் சொல்ல வருகிற விஷயத்தை நான் மறுக்கவே இல்லை.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. பொத்தும்போது வெட்டிப் போடுகிற துண்டுகள் கரையிலேயே கிடக்கின்றன, அலை வந்தால் உள்ளே போகின்றன. பழைய தங்கூசியைக் காயலான் கடைக்காரர் என்னிடம் எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையில் நிற்க முடியாது. கேரளத்தில் 2017-ல் சுசித்வ சாகரம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரைத் துறைமுகத்தில், வலையோடு ஏறி வருகிற பிளாஸ்டிக்கைப் படகுக்காரர்களே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுக்க, அதைப் பொடியாக்கித் தார்ச்சாலையில் சேர்த்தார்கள். அதுபோல ஒரு கொட்டகை எங்கள் கரையிலும் இருந்தால் துண்டு வலையை நான் ஏன் மண்ணில் விடப்போகிறேன்?

கண்காட்சி நடத்துகிறவர்களை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். 'வீசியெறிந்த' என்பதை எடுத்துவிட்டு 'தொலைந்துபோன' என்று போடுங்கள். அதைத் தமிழிலும் எழுதுங்கள். நான் நின்ற ஒரு மணி நேரத்தில் அந்த ஆமையைப் பார்த்தவர்களில் வலை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அப்புறம், அடுத்த ஊருக்குப் போகும் முன்னால் கடலூருக்கு வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், எங்கே பார்த்தாலும் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். பெரிய மண்டபம் எதுவும் வேண்டாம், வலை பின்னுகிற கூடமே போதும். எங்கள் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் கூலி வேலைக்காரர்களும் வந்து பார்க்கட்டும். நீல நூல் போட்ட கையை அடையாளம் தெரிந்தவர்கூட அங்கே இருக்கலாம்.

ஆமையின் கழுத்துக்குப் பின்னால் நாலைந்து கண்ணி பிரிந்து தொங்குகிறது. இங்கே கொண்டுவந்தால் நானே பின்னிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
வலை பின்னும் தொழிலாளி,
தேவனாம்பட்டினம், கடலூர்.