1937-க்கு நேரே அந்தக் கோடு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான டேபிள் டென்னிஸ் உலகப் போட்டி வரலாற்றுக் கட்டுரையைப் படித்தேன். விக்டர் பார்னா 5 முறை ஒற்றையர் பட்டம் வென்ற கதையை நன்றாகவே எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் 1936 பிராக் போட்டியை ‘ஆட்டக்காரர்களின் கோழைத்தனம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். கடைசிப் பக்க அட்டவணையிலோ 1937 பெண்கள் ஒற்றையருக்கு நேரே வெறும் கோடு போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

பிராக்கில் நடந்தது கேலிக்கூத்துதான், மறுக்கவில்லை. போலந்தின் அலோய்சி எர்லிக்கும் ருமேனியாவின் ஃபர்காஸ் பனெத்தும் மோதிய ஆட்டத்தில் முதல் பாயின்ட் முடியவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பந்தை இப்படியும் அப்படியும் பார்த்துப் பார்த்து நடுவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதாகவும், வேறொருவரை உட்கார வைத்ததாகவும் சொல்வார்கள். பிரான்ஸின் அகெனோயரும் ருமேனியாவின் கோல்ட்பெர்கரும் ஆடிய ஆட்டம் 7 மணி நேரத்தையும் தாண்டியது. ஆண்கள் அணிகளுக்கான ஸ்வேத்லிங் கோப்பை இறுதியாட்டத்தை விட்டு விட்டு ஆடித்தான் ஆஸ்திரியா 5–4 என்று ருமேனியாவை ஜெயித்தது.

ஆனால் கோழைத்தனம் எங்கே வந்தது? அன்றைய வலையின் உயரம் ஆறே முக்கால் அங்குலம். மட்டை என்றால் பலகைமேல் ஒட்டிய புள்ளி ரப்பர், அவ்வளவே. ரப்பருக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்த மட்டை வருவதற்கு 1952 பம்பாய் போட்டி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மட்டையால் ஓங்கி அடித்தால் பந்து வலையில் மாட்டும். வலைக்குப் பயந்து தூக்கி அடித்தால் மேசைக்கு வெளியே போய் விழும். எதிராளியோ மேசையை விட்டுப் பத்தடி பின்னால் நின்று, பந்து முழங்கால் வரை இறங்கட்டும் என்று பொறுத்திருந்து, அடியில் சீவித் திருப்பிவிடுவார். அடிப்பவனுக்கு நஷ்டம், தள்ளுபவனுக்கு லாபம் என்று ஆட்ட விதிகளே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. பனெத்தை அவர் வழியிலேயே மடக்குவது என்று எர்லிக் பிடிவாதமாக நின்றார் என்பார்கள். 1936, 1937, 1939 என்று மூன்று முறை உலக இறுதியாட்டம் வரை போனவர் அவர். பிறகு நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். அவரையா கோழை என்பது?

தவறு எங்கே என்பது சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்துக்கே தெரிந்திருந்தது. மறு வருடமே வலையை 6 அங்குலமாக இறக்கினார்கள். இன்று எந்த கிளப்பில் போய் அளந்தாலும் அதே 15.25 சென்டிமீட்டர்தான். குற்றம் ஆட்டக்காரர்களுடையது என்றால் வலையில் ஏன் கைவைக்க வேண்டும்?

வலையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஆட்டத்துக்குக் கால வரம்பும் கொண்டுவந்தார்கள். அது 1937-ல் ஆஸ்திரியாவின் பாடன் நகரில் இரண்டு பெண்கள் தலையில் விடிந்தது. ஒருவர் முந்தைய ஆண்டு சாம்பியன், அமெரிக்காவின் ரூத் ஆரன்ஸ். இன்னொருவர் ஆஸ்திரியாவின் கெர்ட்ரூட் பிரிட்ஸி. இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. இறுதியாட்டம் வரம்பைத் தாண்டியதும் ஆட்டத்தை நிறுத்தி, பட்டம் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மாவட்டப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தவன் நான். ஒரு கேம் 10 நிமிடமாகியும் இழுத்துக்கொண்டே போனால், இரண்டு பேரும் சேர்ந்து 18 பாயின்ட் எடுத்திராத பட்சத்தில், ‘எக்ஸ்பெடைட்’ அறிவிப்போம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, சர்வீஸை வாங்குபவர் பந்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சத்தமாக எண்ணுவார். பதின்மூன்று என்று அவர் சொன்ன மாத்திரத்தில் பாயின்ட் வாங்குபவருக்கு. சர்வீஸ் போட்டவர் அதற்குள் அடித்தே தீர வேண்டும். ஆட்டம் முடியும், ஜெயித்தவர் கையில் கோப்பையும் இருக்கும். பாடனில் இப்படி ஒரு வழி இருந்திருந்தால் அந்த இறுதியாட்டமும் ஒழுங்காக முடிந்திருக்கும்.

பிரிட்ஸி மறு வருடம் வெம்ப்ளியில் பட்டம் வாங்கிவிட்டார். ஆரன்ஸுக்கு அந்த வாய்ப்பும் அமையவில்லை. 2001-ல்தான் சம்மேளனம் இருவரையும் இணைச் சாம்பியன்கள் என்று அறிவித்தது. பிரிட்ஸி 1968-லேயே காலமாகிவிட்டார், ஆரன்ஸ் 1980-ல். அதற்குப் பிறகும் அந்தக் கோட்டையே அச்சடிப்பது, சம்மேளனமே கைவிட்ட தீர்ப்பை நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பதாக ஆகாதா? அடுத்த இதழில் இருவர் பெயரையும் போட்டுத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.

பி.கு.: 1926-ல் லண்டனில் நடந்த முதல் போட்டியிலேயே இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வாங்கியதைக் கட்டுரை சொல்லவே இல்லை. அதர் அலி ஃபைசி, ஹசன் அலி ஃபைசி ஆகியோரோடு சுப்பையா என்ற பெயரும் அந்த அணியில் உண்டு. திருத்தம் போடும்போது இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.