கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

திருப்பூர்
நவம்பர் 2025

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. இந்தக் காலத்திலும் இன்லேண்ட் லெட்டர் எழுதுகிற ஒரே ஆள் நீதான். பதிலையாவது அதே மரியாதையோடு பேனாவில் எழுதலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் டைப்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னவளுக்கு வரன் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், இந்த முறை முதல் நாளே வந்துவிடுகிறோம். பெரியவள் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்தபிறகு வந்து இறங்கியதைத் தங்கச்சி இன்னும் மறந்திருக்க மாட்டாள்.

சரி, உன் அச்சுப் பிரஸ்ஸுக்கு சாஃப்ட்வேர் எழுதி வாங்கும் விஷயம். சாஃப்ட்வேர்க்காரர் கொட்டேஷனில் “எதை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நானும் இதே வரியைப் பல கொட்டேஷனில் எழுதியவன்தான். அவர் பொய் சொல்லவில்லை. என்ன சொல்கிறோம் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கும் ரொம்ப நாள் தெரியவில்லை.

2009இல் இங்கே ஒரு பனியன் கம்பெனிக்கு முதன்முதலாக முழு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். விஷுவல் பேசிக் 6 என்ற மொழியில். திருப்பூரில் வேலை போகும் வழி உனக்குத் தெரியும்: நூல் வாங்கித் துணி பின்னும் நிட்டிங்குக்கு அனுப்புவது, அங்கிருந்து சாயப்பட்டறை, துணி சுருங்காமலிருக்கக் காம்பாக்டிங், அப்புறம் கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிளில் தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். இதில் பாதிக்கு மேல் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போய் வரும். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரீன், ஒரு டேட்டா டேபிள் என்று போட்டேன். முந்தைய வேலை முடிந்ததாக என்ட்ரி விழுந்தால்தான் அடுத்த ஸ்கிரீன் திறக்கும். இதனால் தப்பே நடக்காது என்று முதலாளியிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆறு மாசுபடுவது பற்றிய வழக்கில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு சரியாக அமையும்வரை இயங்கக்கூடாது என்று உத்தரவு. ஊரே ஆடிப்போனது. துணி வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் சாயம் போட லாரி ஏறியது. என் கம்பெனிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார்: சாயம் போட்ட நூலையே வாங்கி, அதை நிட்டிங் அடித்துக்கொள்வது. அதாவது சாயம் முதலில், நிட்டிங் பிறகு.

என் சாஃப்ட்வேர் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பொறுத்தவரை நிட்டிங் முடியாமல் சாயம் கிடையாது.

அங்கே டிசி, அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலான், போடுகிற அக்கா ஒருவர் இருந்தார். எனக்கு போன் செய்து பார்த்தார், “ரெண்டு மாசம் ஆகும்கா” என்றேன். அவர் தானே ஒரு வழி பண்ணினார். “டம்மி” என்று ஒரு பார்ட்டி பெயரை உண்டாக்கி, வராத துணி அவனிடமிருந்து வந்ததாகவும் போகாத துணி அவனுக்குப் போனதாகவும் என்ட்ரி போட்டு ஸ்கிரீனைத் திறந்துகொண்டார். வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது ரிப்போர்ட்டைப் பார்த்த முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “யாருங்க இந்த டம்மி? நாலு டன் துணியை வெச்சுக்கிட்டுத் தராம இருக்கான்?”

உண்மைக் கணக்கு எங்கே இருந்தது தெரியுமா? அந்த அக்காவின் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டில். எந்த லாட் எங்கே நிற்கிறது, எத்தனை ரோல், எத்தனை கிலோ, எல்லாம் பால்பாயின்ட் பேனாவில் அழகாக. லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கின சாஃப்ட்வேர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது, இருபது ரூபாய் நோட்டு நிஜத்தைச் சொன்னது. அன்றையிலிருந்து எந்தக் கம்பெனிக்குள் போனாலும் நான் முதலில் பார்ப்பது கம்ப்யூட்டரை அல்ல, அதன் பக்கத்தில் நோட்டு இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால், அந்தப் பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறதோ அங்கேதான் தொழில் மாறியிருக்கிறது, சாஃப்ட்வேர் மாறவில்லை.

அந்த நோட்டையே வைத்துத்தான் மறுபடி எழுதினேன். அக்கா நிட்டிங்குக்கு ஒரு பக்கம், சாயத்துக்கு ஒரு பக்கம் என்று வைக்கவே இல்லை. எல்லாம் ஒரே மாதிரி வரி: யாரிடமிருந்து யாருக்கு, என்ன சரக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பியது. பத்து ஸ்கிரீன் போய் ஒன்றாகிவிட்டது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதை நான் முடிவு செய்வதில்லை, ஆர்டர் போடும்போது அவர்களே வரிசை கொடுப்பார்கள். கட்டிங்கில் கிலோவாகப் போய் பீஸாக வரும், சாயத்தில் எடை குறைந்து வரும், இந்த இரண்டு சிக்கலுக்கு மட்டும் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மற்றபடி அந்த அமைப்பு இன்றுவரை நிற்கிறது.

நாம் கடைசி பெஞ்சில் தூங்கிய வகுப்புகளில் இதைச் சொல்லியிருப்பார்கள் போல. டேவிட் பார்னஸ் என்ற கணினி அறிஞர் 1972இலேயே எழுதிவிட்டார்: நிரலை வேலை நடக்கும் வரிசைப்படி துண்டு போடாதே, எந்த முடிவுகள் மாறக்கூடுமோ அவை ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக்குள் ஒளித்து வை என்று. நான் 2009இல் செய்தது அவர் செய்யாதே என்று சொன்னதை அப்படியே.

ஆனால் பாடம் படித்த வேகத்தில் எதிர்ப்பக்கம் விழுந்தேன். அடுத்த கம்பெனிக்கு எல்லாவற்றையும் அவர்களே மாற்றிக்கொள்ளும்படி செய்து கொடுத்தேன். புது கட்டம் வேண்டுமா, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஸ்கிரீனா, நீங்களே வரைந்துகொள்ளுங்கள். உன் கொட்டேஷன்காரர் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஒன்றரை வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஆர்டர் ஸ்கிரீனில் அறுபது கட்டம். “கலர்” ஒன்று, “ஷேட்” ஒன்று, “நிறம்” என்று தமிழில் ஒன்று. மூன்று பேர் மூன்று இடத்தில் நிரப்பியிருக்கிறார்கள். கருநீலத்தில் மொத்தம் எத்தனை பீஸ் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அங்கேயும் நோட்டு வந்துவிட்டது. முன்பு கதவே இல்லை, இப்போது சுவரே இல்லை. இரண்டிலும் குடியிருக்க முடியாது.

அதனால் இப்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்தத் தொழிலில் மாற்றம் எந்தப் பக்கமிருந்து வரும்? அந்தப் பக்கம் மட்டும் திறந்து வைப்பேன். மற்ற இடத்தில் கெட்டியாகவே இருக்கட்டும்.

வரி அப்படி ஒரு பக்கம். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்த ராத்திரி எனக்கு மறக்காது. அப்போது எனக்குப் பதினொரு கம்பெனி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காப்பி எடுத்து மாற்றி எழுதிக் கொடுத்திருந்ததால், ஒரே திருத்தத்தைப் பதினொரு தடவை செய்தேன். அதிலும் ஒரு கூத்து. வரி சதவீதத்தை அயிட்டம் மாஸ்டரில், அதாவது சரக்குப் பட்டியலில், ஒரே ஒரு எண்ணாக வைத்திருந்தேன். ஜிஎஸ்டிக்காக அதை மாற்றியதும், ஜூன் மாத பில்லை மறுபடி பிரின்ட் எடுத்தால் அதிலும் புது வரி வந்து நின்றது. ஆடிட்டர் என்னைப் பார்த்த பார்வை!

அப்புறம்தான் வரிக்குத் தனி டேபிள் போட்டு, ஒவ்வொரு ரேட்டோடும் “எந்தத் தேதியிலிருந்து” என்று சேர்த்தேன். ரெடிமேடில் விலையும் பார்க்க வேண்டும்: அப்போது பீஸ் 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. அந்த 1000 என்பதையும் நிரலில் எழுதாமல் டேபிளில் வைத்தேன். இந்த செப்டம்பர் 22இல் அது 2500 ஆகி, அதற்கு மேல் 18 என்று மாறியதே, என் ஆட்கள் டேபிளில் இரண்டு லைன் சேர்த்தார்கள், காபி குடிக்கப் போனார்கள். அதற்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் பழைய வரியிலேயே கிரெடிட் நோட் விழும், ஏனென்றால் பழைய ரேட்டை யாரும் அழிக்கவில்லை. எட்டு வருஷம் முன்பு பட்ட அவமானத்துக்கு அன்றைக்குத்தான் வட்டியோடு திரும்பக் கிடைத்தது. பதினொரு காப்பியும் இப்போது ஒன்றாகிவிட்டது, அதற்குத்தான் அதிகக் காலம் பிடித்தது.

தேதி என்று சொன்னேனே, அது வரிக்கு மட்டுமல்ல. கூலி ரேட், பார்ட்டிக்குக் கொடுக்கும் விலை, நாளைக்கு மாறும் எதுவாக இருந்தாலும் பழையதை அழித்து எழுதாமல் புதுத் தேதியோடு அடுத்த லைனாகச் சேர்ப்பது. உங்கள் ஊர் பேப்பர் விலை ஏறி இறங்கும் வேகத்துக்கு இது ஒன்று இருந்தாலே பாதி நிம்மதி.

இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசாங்கத் தளத்தில் பதிவு செய்வது, அந்தக் கதை சின்னது. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்பவர்களுக்கு என்று ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கி வந்தது. நமக்கும் ஒருநாள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததால், அரசாங்கத்தோடு பேசும் வேலை முழுவதையும் ஒரு மூலையில் தனியாக ஒதுக்கி வைத்தேன். அவர்கள் ஃபார்மேட்டை மாற்றினால் அந்த மூலையை மட்டும் திறந்தால் போதும்.

உனக்கு என்ன செய்யலாம்? முதலில், கணக்கு சாஃப்ட்வேர் டேலியை விட்டுவிடாதே. கணக்கு அதிலேயே ஓடட்டும், யாரும் உனக்காகப் புதிதாக லெட்ஜர் எழுத வேண்டாம். உனக்கென்று தேவைப்படுவது ஜாப் கார்டு: எந்த வேலை எந்த மெஷினில், எவ்வளவு பேப்பர் எடுத்தது, எவ்வளவு வேஸ்ட், லேமினேஷனுக்கும் டை கட்டிங்குக்கும் போனது திரும்பியதா, தினசரி காலண்டரில் எந்தக் கடைக்குப் பெயர் அச்சாகிவிட்டது. அது மட்டும் தனியாக எழுதினால் போதும்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் டிசைன் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து உனக்கு மூச்சு விட நேரமிருக்காது, இப்போது போய் எதையும் ஆரம்பிக்காதே. ஆனால் அந்த சாஃப்ட்வேர்த் தம்பியை இப்போதே ஒரு வாரம் வந்து பிரஸ்ஸில் சும்மா உட்காரச் சொல். சீசனில்தான் உண்மையான குழப்பம் தெரியும். பொங்கல் கழித்து வந்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றும், அதை நம்பி எழுதுவார், ஆடியில் மாட்டிக்கொள்வீர்கள். வர மறுத்தால் வேறு ஆளைப் பார். வந்தால், எழுதிக் கொடுப்பதற்கான தொகையைவிட வருஷா வருஷம் மாற்றிக் கொடுப்பதற்கு என்ன வாங்குவார் என்று கேள். முதல் தொகை குறைவாகவும் இரண்டாவது பற்றிப் பேச்சே இல்லாமலும் இருந்தால் இரண்டு வருஷத்தில் போன் எடுக்க மாட்டார். டேட்டாவை நீ கேட்கும்போது எக்செல்லில் எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும், சோர்ஸ் கோடு, அதாவது அவர் எழுதிய நிரல், ஒரு காப்பி உன் பீரோவில் இருக்க வேண்டும். இங்கே ஒரு கம்பெனியில் எழுதிக் கொடுத்தவர் துபாய்க்குப் போய்விட்டார். 2015இல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய ஃபாக்ஸ்புரோ என்ற மொழியில் எழுதியது. அது ஓடுவதற்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டருக்குப் பூப்போட்டுச் சாம்பிராணி காட்டாத குறையாகக் காப்பாற்றுகிறார்கள்.

அந்த டிசி அக்கா போன வருஷம் ரிட்டையர் ஆனார். பிரிவு உபசாரத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த லாங் சைஸ் நோட்டை எனக்கே கொடுத்துவிட்டார், மேஜையில்தான் வைத்திருக்கிறேன். டம்மி பார்ட்டி மட்டும் இன்னும் பழைய டேட்டாவில் இருக்கிறான், முதலாளி அழிக்க விடமாட்டேன் என்கிறார்.

உன் பிரஸ்ஸிலும் பைண்டிங் பக்கம் ஃபோர்மேன் ஒருவர் சட்டைப் பையில் சின்ன டைரி வைத்திருப்பாரே, போன முறை வந்தபோது பார்த்தேன். அவரிடம் கேட்டு, நாலைந்து பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு. இதற்காவது வாட்ஸ்அப்பைத் திற. அதைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பியிடம் நானே பேசுகிறேன். என் முழங்கால் வலி பற்றிக் கேட்டிருந்தாய், மாடிப்படி ஏறாத வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்