மானிப்பாய் வைத்திய மாணவர்களுக்கு நன்றி

இந்த மடல் அமெரிக்க வைத்தியர் டொக்டர் சாமுவேல் கிறீனுக்கும், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அவரிடம் மேலைமருத்துவம் படித்தவர்களுக்கும். படித்தவர்களைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சரி, அவர்களிடம் பிறகு வருகிறேன்.

கிறீன் ஐயா, அமெரிக்க மிஷன் அனுப்பி 1847இல் யாழ்ப்பாணம் வந்தீர்கள். மதம் பரப்பவும்தான் வந்தீர்கள், அதை நீங்களே மறைத்ததில்லை. அடுத்த வருடமே மாணவர்களைச் சேர்த்து ஆங்கிலத்தில் வைத்தியம் சொல்லிக்கொடுத்தீர்கள், ஆனால் படித்து முடித்தவர்களில் பலருக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்து வெளியூர் போய்விட, கிராமத்து நோயாளிகளின் பாடு பழையபடியே இருந்தது. போனவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, யாழ்ப்பாணத்தில் யார்தான் அரசாங்க வேலையை வேண்டாமென்பார்கள்? நீங்கள் பாடமொழியையே மாற்றினீர்கள். 1860களில் வகுப்பு தமிழுக்கு வந்தது. தமிழில் படித்தவர் ஊரிலேயே தங்குவார் என்பது உங்கள் கணக்கு. மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்று தமிழ்நாட்டில் இன்றும் விவாதிக்கிறவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

வகுப்பு தொடங்கினால் புத்தகம் வேண்டுமே! ஆங்கில நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்தீர்கள். இரண வைத்தியம் (அறுவைச் சிகிச்சை) 1867இல் வந்தது, மனுஷ அங்காதிபாதம் (உடற்கூற்றியல்) 1872இல், கெமிஸ்தம் (இரசாயனம்) 1875இல். கடைசியாகச் சொன்னது வந்தபோது நீங்கள் அமெரிக்கா திரும்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் வேலை நிற்கவில்லை. வடமொழி மண்டிய நடை, நான் முக்கி முக்கித்தான் படிக்கிறேன். ஆனாலும் எலும்பும் நரம்பும் இரசாயனமும் தமிழில் பாடமாக இருந்தன என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கிறீனிடம் படித்த சாப்மன், டான்போர்த் ஐயாமாரே, அப்புறம் பெயர் தெரியாத மற்ற மாணவர்களே, இந்த மொழிபெயர்ப்புகளில் உங்கள் உழைப்பு எவ்வளவு என்று கிறீனைப் புகழ்கிறவர்கள் பலர் சொல்வதில்லை. அவருக்கு மானிப்பாயில் அவர் பெயரிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. அமெரிக்காவின் வூஸ்டரில் உள்ள அவருடைய கல்லறையிலும் தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று பொறித்திருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை, அதனால்தான் இந்த நன்றியில் பெரிய பங்கு உங்களுக்கு.

கிறீனைப் பற்றி எழுதி மறுபடி எல்லோரும் அவரைப் பேச வைத்த ஈழத்துக் கவிஞர் அம்பிக்கும், பழைய ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் நூலகம் நிறுவனத்தின் தன்னார்வலர்களுக்கும் நன்றி. அந்த மாணவர்களின் வழிவந்த குடும்பங்களில் யாரிடமாவது கடிதமோ படமோ நோட்டுப் புத்தகமோ இருந்தால், தயவுசெய்து அதையும் நூலகத்தாரிடம் கொடுத்துவிடுங்கள்.