முன்பதிவு வேண்டாத ரயில்கள்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. தங்கச்சி கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களியை மிச்சம் வைக்காமல் சாப்பிடு. பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டானா? அடுத்த கடிதத்தில் அவனைப் பற்றி விரிவாக எழுது.

பென்ஷன்காரர்கள் இரண்டு பேர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவை ரயிலில் சுற்றிவர முடியுமா, பணம் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தாய். முடியும் மாப்ள. நெட்டையனும் நானும் சுற்றிவிட்டு வந்திருக்கிறோம். ஊர்களைக் குறைத்துக்கொண்டு, வேக ரயில் ஆசையை விட்டுவிட்டால் தாராளமாக முடியும்.

முதலில் ரயில் பாஸ் விஷயம், அதாவது பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டு. 1959இல் தொடங்கிய யூரெயில்தான் நம்மைப் போல ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு. 1972இல் வந்த இன்டர்ரெயில் அங்கேயே குடியிருப்பவர்களுக்கு. இரண்டும் 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் நமக்குத் தோதான 7 நாட்களில் மட்டும் ரயில் ஏறலாம் என்ற மாதிரியான பாஸ்தான் நமக்குச் சரி. அறுபது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் கழிவும் உண்டு. இந்த வயதால் கிடைக்கும் சலுகையை விடக் கூடாது என்று நெட்டையன் ரொம்பப் பிடிவாதமாக இருந்தான்.

பாஸ் கையில் இருந்தாலும் எல்லா ரயிலிலும் சும்மா ஏறிவிட முடியாது என்பதைப் புதிதாகப் போகிறவர்கள் கவனிப்பதில்லை. பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஆவே, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா ஆகிய வேக ரயில்கள் எல்லாவற்றிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் காசு. ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, செக் நாடுகளில் பெரும்பாலான பகல் ரயில்களில் அந்தத் தொல்லை இல்லை. நடைமேடைக்குப் போய், காலியாக இருக்கும் சீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். பாரிஸை விட்டுவிட்டு வியன்னாவில் தொடங்கியதற்கு இதுதான் காரணம். பாரிஸைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்குத் துளியும் இல்லை.

வியன்னாவிலிருந்து வெனிஸ் போகும் ரயில் செம்மரிங் மலையைக் கடக்கிறது. 41 கிலோமீட்டர் பாதை. 1848இல் தொடங்கி 1854இல் முடித்தார்கள். கார்ல் ஃபொன் கேகா என்ற பொறியாளர் பாதையை வகுத்தபோது, அந்த ஏற்றத்தில் இழுக்கக்கூடிய எஞ்சினே உலகத்தில் கிடையாது. பாதை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே போட்டி வைத்து எஞ்சினைத் தேடினார்கள். டைனமைட்டும் அப்போது வரவில்லை. கருமருந்தும் மனித உழைப்பும்தான். இரண்டடுக்குக் கல் வளைவுகள் மீது ரயில் வளைந்து திரும்பும்போது, முன்னால் போகும் பெட்டிகள் நம் ஜன்னலிலேயே தெரிகின்றன. நாற்பது வருஷம் பொதுப்பணித் துறையில் பாலம் கட்டிய நெட்டையன் வாயே திறக்கவில்லை.

வெனிஸுக்குள் தங்கினால் கட்டுப்படியாகாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் தங்கினோம். ரயிலில் பத்து நிமிஷம்தான். அங்கிருந்து மிலானுக்கு வேக ரயிலை விட்டுவிட்டு, ரெஜியோனாலே என்கிற சாதாரண ரயிலில் வெரோனாவில் மாறிப் போனோம். ஒரு மணி நேரம் கூடுதலாகும். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் ஏறி இறங்கும் ரயில் அதுதான்.

இனி நான் சொல்லப்போவது இத்தாலியிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு மலை ஏறும் பெர்னினா ரயில் பாதை. மற்றதெல்லாம் மறந்தாலும் இது எனக்கு மறக்காது.

மிலானிலிருந்து கோமோ ஏரிக்கரை ஓரமாக ஒரு சாதாரண ரயில் திரானோ வரைக்கும் போகிறது. அங்கே சுவிஸ் நாட்டுச் சிவப்பு ரயில் நிற்கும். பெரிய கண்ணாடிக் கூரையோடு பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று ஒன்று ஓடுகிறது. அதற்கு முன்பதிவும் கூடுதல் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் உள்ளூர் ரயிலும் போகிறது. பாஸ் இருந்தால் போதும். அதன் பழைய பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம், தலையை நீட்டாமல் காற்றை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். எக்ஸ்பிரஸில் கண்ணாடி திறக்காது.

திரானோ 429 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிளம்பியதும் கோயில் வாசலை ஒட்டி, கார்கள் ஒதுங்கி நிற்க, நடுத்தெருவில் ரயில் போகிறது. புருசியோவில் கல் பாலம் ஒன்று வட்டமாகச் சுற்றி, தன் அடியிலேயே தன்னைக் கடந்து மேலே ஏறுகிறது. ஒரு சின்ன நிறுத்தத்துக்கு முன்னால், புத்தகப் பையோடு இருந்த ஒரு பொடியன் எழுந்து கதவருகே இருந்த பொத்தானை அமுக்கினான். ரயில் அவன் ஒருவனுக்காக நின்றது. இறங்கியவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் புல்வெளிக்குள் ஒற்றையடிப் பாதையில் ஓடினான். ஊரே விலை கொடுத்துப் பார்க்க வரும் மலையில் அந்தப் பையன் தினமும் பள்ளிக்கூடம் போய் வருகிறான். அவனைப் பார்த்தபோதுதான் சாதாரண ரயிலில் வந்தது எவ்வளவு நல்லது என்று தோன்றியது.

உச்சி ஓஸ்பிட்சியோ பெர்னினா, 2253 மீட்டர். பல்சக்கரம் எதுவும் இல்லாமல், வெறும் தண்டவாளப் பிடிமானத்திலேயே மீட்டருக்கு 70 மில்லிமீட்டர் ஏற்றத்தை 1910இலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. நம் ஊட்டி ரயிலுக்குப் பல்தண்டவாளம் தேவைப்படுகிறது, அதன் ஏற்றம் இன்னும் கடுமை. அதன் பழைய பல்சக்கர நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து நீலகிரிக்கு வந்தவை என்பது உனக்கு நினைவிருக்கலாம்.

உச்சியில் அடுத்தடுத்து இரண்டு ஏரிகள். லாகோ பியான்கோவின் தண்ணீர் தெற்கே இறங்கி, போ ஆற்றில் கலந்து அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. கொஞ்சம் தள்ளி லேய் நேய்ர். அதன் தண்ணீர் ‘இன்’ என்ற ஆற்றில் சேர்ந்து, டான்யூபாகி, நாங்கள் கிளம்பிய வியன்னாவைத் தொட்டுக்கொண்டு கருங்கடல் வரை போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு அணை, அவ்வளவுதான். இதைப் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார் வரைந்து காட்டியிருந்தால் நான் பாடமாகப் படித்துவிட்டுப் போயிருப்பேன். அங்கே ஜன்னலில் பார்க்கும்போது நெஞ்சு அடைத்துக்கொண்டது மாப்ள.

சூரிக்கில் எல்லாமே ஆனை விலை. ரயிலில் எதிரே இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், "நீங்கள் தமிழ்நாட்டோ?" என்று பேச்சைத் தொடங்கினார். எண்பதுகளில் வந்தவர், ஓட்டல் சமையலறையில் வேலையைத் தொடங்கி இங்கேயே பேரப்பிள்ளை கண்டவர். தண்ணீர் போத்தல் வாங்காதீங்கோ, ஊர் முழுக்க இருக்கிற நீரூற்று எல்லாம் குடிக்கிற தண்ணிதான் என்றார். கடை சாத்தும் நேரத்தில் ரொட்டியும் பழமும் பாதி விலைக்கு வரும் என்றும் சொன்னார். அப்புறம் எங்கள் இராச்சாப்பாடு அந்த நேரத்துக்கு மாறிவிட்டது.

சூரிக்கிலிருந்து பெர்லினுக்கு நைட்ஜெட் என்கிற இரவு ரயில். பாஸ் பயணத்துக்கு மட்டும். படுக்கைக்குத் தனிக் காசு. ஆனால் ஒரு இரவு விடுதி வாடகை மிச்சம், ஏறிய நாள் மட்டும்தான் பாஸில் கழியும். ஆறு பேர் படுக்கும் அறையில் நெட்டையனின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் இரண்டு ரொட்டி, வெண்ணெய், ஜாம், காப்பி கொடுத்தார்கள்.

பெர்லினிலிருந்து பிராக் போகும்போது இடது பக்கத்தில் உட்கார வேண்டும். டிரெஸ்டனுக்கு அப்புறம் எல்பே ஆறு அந்தப் பக்கம்தான் கூடவே வருகிறது, அக்கரையில் மணற்பாறைக் குன்றுகள். உணவுப் பெட்டியில் சூடான சூப் வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் செலவை மட்டும் நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. சமையலறை இருக்கும் விடுதியாகப் பார்த்துப் பிடித்தோம். கூட்டு அறையில் ஒரு படுக்கை முப்பது, நாற்பது யூரோ. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் போதும், அரிசி எங்கும் கிடைக்கும். நெய் மட்டும் கொண்டுபோகாதே, பால் பொருளும் இறைச்சியும் எல்லைக்குள் விடமாட்டார்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ரயில் நிலையக் கடைதான்.

விசா கட்டணம் 90 யூரோ. அதிக நாள் தங்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். முழங்கால் ஆபரேஷனை மறைக்காமல் எழுதிவிட்டு அந்தக் காப்பீட்டை வாங்கு.

அடுத்த வருஷம் செப்டம்பரில் மூன்று பேராகப் போகலாம் என்று நெட்டையன் சொல்கிறான். வெயிலும் கூட்டமும் குறைந்த மாசம், உன் காலும் அதற்குள் தேறிவிடும். பெர்னினாவில் இந்தத் தடவை ஆல்ப் க்ருயூமில் இறங்கி, பனியாற்றைப் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் ஏற வேண்டும் என்பது என் ஆசை. உன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். வழங்கிப் பத்து வருஷம் ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் தேதிக்கு மேல் மூன்று மாதமாவது செல்ல வேண்டும். காலாவதி தேதியை அடுத்த கடிதத்தில் எழுது; புதுப்பிக்க வேண்டுமென்றால் இந்த மாசமே விண்ணப்பித்துவிடலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்