வென்றவர் எலியட், கோப்பை குல்விக்கிக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு திருத்தம். 1992 நவம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்த கடைசிப் பந்தயத்தில் ஆலன் குல்விக்கி முதலாவதாக வந்து சாம்பியன் ஆனார் என்று அச்சாகியிருக்கிறது. முதலாவதாக வந்தவர் பில் எலியட். குல்விக்கி வந்தது இரண்டாவதாக. ஆனாலும் வருடம் முழுதும் சேர்த்த புள்ளிகளின்படி அந்த வருடத்துக் கோப்பை அவருக்குத்தான்.

சின்னப் பிழைதானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. அந்தப் பந்தயத்தின் சுவாரசியமே அதில்தான் இருக்கிறது.

அன்று காலை புள்ளிப் பட்டியலில் முன்னால் இருந்தவர் டேவி ஆலிசன். அவருக்கு 30 புள்ளி பின்னால் குல்விக்கி, 40 புள்ளி பின்னால் எலியட். பாதிக்கு மேல் ஓடிய பிறகு, முன்னால் போன எர்னி இர்வனின் கார் சுழன்று குறுக்கே வர, ஆலிசன் அதில் மோதி வெளியேறினார். கோப்பைப் போட்டியில் மிச்சம் இரண்டு பேர்.

அப்போதைய விதிப்படி முதலிடத்துக்கு 175 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 170. ஒரு சுற்றாவது முன்னணியில் இருந்தால் 5 புள்ளி கூடுதல். மிக அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருந்தவருக்கு இன்னொரு 5. குல்விக்கியின் தலைமை மெக்கானிக் பால் ஆண்ட்ரூஸ் பிட்டில் (பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்ப காரை நிறுத்தும் இடம்) நின்று இந்தக் கடைசி 5 புள்ளியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். எரிபொருள் தீரும் நேரத்திலும் குல்விக்கியை உள்ளே கூப்பிடாமல், அந்தப் புள்ளி கைக்கு வந்த பிறகே அழைத்தார். மொத்தம் 328 சுற்று. குல்விக்கி முன்னணியில் இருந்தது 103, எலியட் 102.

அந்த ஒரு சுற்று மாறியிருந்தால்? எலியட்டுக்கு 185, குல்விக்கிக்கு 175. காலையில் குல்விக்கிக்கு இருந்த 10 புள்ளி முன்னிலையையும் சேர்த்தால் இருவரும் சமம். சமம் என்றால் அதிக வெற்றி பெற்றவருக்குக் கோப்பை. எலியட் அந்த ஆண்டு 5 வென்றிருந்தார், குல்விக்கி 2. பழைய ஒளிப்பதிவை ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்த்தவன் நான். முடிவு தெரிந்தும் கடைசிச் சுற்றுகளில் கை வியர்த்துவிட்டது.

இத்தனைக்கும் குல்விக்கியின் காரில் முதல் கியர் போய்விட்டிருந்தது. பிட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் ஆட்கள் தள்ளித்தான் விட்டார்கள். பொறியியல் படித்த அவர் சொந்த அணியை நடத்திக்கொண்டு தானே ஓட்டியவர். தன் அணிக்கு ஓட்ட வரும்படி ஜூனியர் ஜான்சன் அழைத்தபோது மறுத்தவர். அன்று எலியட் ஓட்டியது அதே ஜான்சனின் காரை! இன்னும் ஆறு பந்தயம் மட்டுமே பாக்கி என்றபோது 278 புள்ளி பின்தங்கியிருந்த குல்விக்கியை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெல்ல வாய்ப்பில்லாதவரை ஆங்கிலத்தில் 'அண்டர்டாக்' என்பார்கள். அந்தக் கிண்டலுக்குத்தான், ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் மூக்கிலிருந்த பெயரில் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு 'அண்டர்பேர்ட்' ஆக்கிக்கொண்டு வந்தார்.

ரிச்சர்ட் பெட்டியின் கடைசிப் பந்தயமும் இந்தக் கோப்பைத் தொடரில் ஜெஃப் கார்டனின் முதல் பந்தயமும் அதுவே என்பதை உங்கள் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் கோப்பைக் கதைக்கு ஒரே வரி என்பது கொஞ்சம் கஞ்சத்தனம்.

பிழை எப்படி வந்திருக்கும் என்றும் ஊகிக்க முடிகிறது. பந்தயம் முடிந்ததும் குல்விக்கி எதிர்த்திசையில் காரை ஓட்டிக் கொண்டாடினார். 1988இல் ஃபீனிக்ஸில் தன் முதல் வெற்றிக்குச் செய்த அதே 'போலந்து வெற்றிச் சுற்று' (அவரது பூர்விகம் போலந்து). அந்தப் படத்தை மட்டும் பார்க்கிற யாரும் அவர்தான் முதலில் வந்தார் என்றே நினைப்பார்கள்.

1993 ஏப்ரல் 1 அன்று விமான விபத்தில் அவர் இறந்துபோனார். சாம்பியனாக அவருக்குக் கிடைத்தது ஐந்து மாதம்கூட இல்லை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது அந்த 103, 102 என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி