மாரியோவின் சட்டை என்ன நிறம்?

கோயம்புத்தூர்
18.8.2024

அன்புள்ள சேகருக்கு,

நலம், உங்கள் வீட்டிலும் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு நான் வரவில்லை, அதன் பிறகு நான்கு மாதங்களாகத் தொலைபேசியிலும் பேசவில்லை. இரண்டையும் நீ மன்னிக்க வேண்டும். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உன் ஒருவனிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது.

ஆறு வாரங்களாக இரவு ஒன்பது மணிக்குமேல், நாம் சிறுவயதில் ஆடிய வீடியோ ஆட்டத்தின் நாயகன் மாரியோவை நான் வரைந்துகொண்டிருக்கிறேன். தாளில் அன்று, கணினியுடன் இணைத்த பேனா டேப்லெட்டில், கிரிட்டா என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு வரைகிறேன். கை மேசையிலும் கண் திரையிலும் இருக்க வேண்டிய அந்தப் பழக்கம் படிவதற்கே பத்து நாட்கள் ஆயின. பென்சில் கோடுகள் ஓர் அடுக்கு, மைக்கோடுகள் அதன்மேல் ஓர் அடுக்கு, தொப்பி, முகம், சட்டை, கால்சட்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடுக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டால், ஒன்றில் பிழை நேர்ந்தாலும் மற்றவை கெடுவதில்லை. முதல் படத்தில் மைக்கோட்டு அடுக்கிலேயே வண்ணத்தையும் தீட்டிவிட்டு, ஒரு வார உழைப்பை அப்படியே அழிக்க நேர்ந்தது.

நிழல்தான் என்னை மிகவும் அலைக்கழித்தது. சிவப்புத் தொப்பியின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தேன். தொப்பி அழுக்குத் துணிபோல் ஆகிவிட்டது. சிவப்பை ஊதாப் பக்கம் சற்று நகர்த்தி, தனி அடுக்கில், கீழுள்ள நிறத்தோடு கலந்து அதை இருளாக்கும் பெருக்கல் முறையில் அதைப் படியவிட்டபோதுதான் துணி துணியாகத் தெரிந்தது. தொப்பியின் விளிம்புக்குக் கீழே, நெற்றியில் மெல்லிய செம்மை விழ வேண்டும் என்பதைக் கண்டுகொண்ட இரவில் எனக்கு உறக்கமே வரவில்லை.

நின்டெண்டோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர் மியாமோட்டோ 1981-இல் டாங்கி காங் என்னும் வீடியோ ஆட்டத்துக்காக இந்த உருவத்தை அமைத்தபோது அவரிடம் இருந்தவை மிகச் சில திரைப் புள்ளிகளே. வாயை வரைய இடமில்லாததால் மீசை, தலைமுடியை வரையும் தொல்லையைத் தவிர்க்கத் தொப்பி, கை அசைவது தெரிவதற்காகச் சட்டைக்கு ஒரு நிறமும் தோள்வார்க் கால்சட்டைக்கு வேறொரு நிறமும். இல்லாமையிலிருந்தே இப்படி ஒரு முகம் பிறந்திருக்கிறது, சேகர்! அந்தச் சில புள்ளிகளை 2480-க்கு 3508 புள்ளிகள் கொண்ட பரப்பில் நான் பெரிதாக்கும்போது, மீசைக்கு அடியில் உதடு எப்படி இருக்கும் என்பதை நானாகவே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் நாம் ஆடியது 1985-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ. அதில் இரண்டாம் ஆட்டக்காரர் ஆடும் மாரியோவின் தம்பி லூயிஜிக்குத் தனி ஓவியமே கிடையாது. மாரியோவின் அதே புள்ளிகளுக்கு வெள்ளையும் பச்சையும் தீட்டியிருக்கிறார்கள். மேகமும் புதரும்கூட ஒரே வடிவம்தான், நிறம் மட்டுமே வேறு. நம் திரையிலோ எல்லாமே சாம்பல். யாருடைய முறை என்று நாம் அடித்துக்கொண்டதில் நியாயம் இருந்திருக்கிறது. ஆனால் ஆட்டத்தின் கடைசிக் கட்டமான எட்டாம் உலகத்தை நீ தாண்டியதாகச் சொல்வதை நான் இன்றும் ஒப்புக்கொள்ளப்போவதில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 1981-இல் அவன் சட்டை நீலம், கால்சட்டை சிவப்பு. நாம் ஆடியதில் கால்சட்டை சிவப்பாகவே இருக்க, ஓர் உருவத்துக்கு மூன்று நிறங்களே கிடைத்ததால் சட்டை, முடி, மீசை, காலணி அனைத்துக்கும் ஒரே பழுப்பு. இன்று உலகம் அறிந்த மாரியோவுக்குச் சட்டை சிவப்பு, கால்சட்டை நீலம். மூன்றையும் தீட்டிப் பார்த்துவிட்டேன். மூன்றுமே அழகாகத்தான் இருக்கின்றன, ஆயினும் எதுவும் என் மாரியோவாக இல்லை.

ஏனென்றால் நான் முதன்முதலில் நிறத்தோடு பார்த்த மாரியோ, உன் புவியியல் நோட்டின் பின்னட்டையில் அண்ணன் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து கொடுத்தது. திருச்சியில் ஏதோ ஒரு கடையில் வண்ணத் திரையில் பார்த்துவிட்டு வந்து, நாம் கேட்டுக்கொண்டே இருந்ததால் நினைவிலிருந்தே வரைந்தார். பச்சைப் பேனாவில் மை தீர்ந்துபோய், படத்தில் இருந்த, ஆட்டத்தில் வரும் அந்தப் பச்சைக் குழாயின் பாதி வெறுமையாக நின்றது நினைவிருக்கிறது. தொப்பியின் சிவப்பும் நினைவிருக்கிறது. சட்டைக்கு அவர் என்ன நிறம் கொடுத்தார் என்பது மட்டும் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அவரிடமே கேட்டிருக்கலாம், கேட்க எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தன.

அந்த நோட்டு பரணில் இருந்தால் எடுத்துப் பார். இல்லாவிட்டால் அம்மாவிடம் கேள். அண்ணன் வரைந்த எதையும் அவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார். உன் பதில் வரும்வரை சட்டையின் அடுக்கை மறைத்தே வைத்திருக்கிறேன். குழாயின் மேல்பாதியையும் வண்ணம் தீட்டாமல்தான் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் மணி