அந்தக் குருவி காட்சி தர வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'வசந்தகாலப் பறவை வேட்டை' கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு. இரண்டாம் முறை, அந்த வரி நிஜமாகவே அச்சில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. "கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டதும் எங்கிருந்தோ பறந்து வந்து, எதிர்க்கிளையில் அமர்ந்து காட்சி தந்தது" என்கிறார் கட்டுரையாளர். கூட்டிப்போன குழுவின் சாமர்த்தியத்துக்குப் பாராட்டு வேறு.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. வசந்தத்தில் பாடுவது பெரும்பாலும் ஆண் பறவை. துணையை அழைக்கவும், 'இது என் இடம், உள்ளே வராதே' என்று மற்ற ஆண்களை எச்சரிக்கவும்தான் அந்தப் பாட்டு. அதே குரல் பக்கத்துப் புதரிலிருந்து கேட்டால், எவனோ எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று இரை தேடுவதைப் போட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். வந்து பார்த்தால் எதிரியைக் காணோம். தொப்பி போட்ட பதினைந்து பேர் கேமராவும் கையுமாக நிற்கிறார்கள்.

இதை நான் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. நானே செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் குழுவோடு போன ஒரு வசந்தகால நடையில், ஒரு கதிர்க்குருவியை இப்படித்தான் வரவழைத்தேன். பத்து கிராம் எடை இருந்தால் அதிகம். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் படம் எடுத்தாயிற்று, நகர்ந்தோம். தண்ணீர் பாட்டிலை அங்கேயே மறந்து வைத்துவிட்டதால் அரை மணி கழித்து நான் மட்டும் திரும்பிப் போனேன். அது இன்னும் அதே புதரைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து குரல் பதிவுகளை வீட்டில் காது பழக்கிக்கொள்ள மட்டும்தான் கேட்கிறேன்.

அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் நெறிமுறையே, குரல் பதிவு போட்டுப் பறவைகளை வரவழைப்பதைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆட்கள் அதிகம் வரும் இடங்களிலும், அரிய பறவைகள் விஷயத்திலும் குறிப்பாக. உங்கள் கட்டுரையாளர் போன இடத்துக்கு வாரம் தவறாமல் ஒரு கூட்டம் போகிறது என்று அவரே பெருமையாக எழுதியிருக்கிறார்!

அப்புறம் அந்தத் தலைப்பு. 1900-இல் அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன், கிறிஸ்துமஸ் அன்று அணி பிரித்துப் பறவைகளைச் சுட்டு எண்ணியது போதும், இனி பார்த்து எண்ணுவோம் என்றார். இன்றும் நடக்கும் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு அப்படித்தான் தொடங்கியது. வேட்டையை விட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் அதைப் பெரிய எழுத்தில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

இரண்டு வருடம் முன்பு அட்டையில் கூட்டுக்குஞ்சுகளின் படம் போட்டீர்கள். கிளையை விலக்கிப் பிடித்து எடுத்த படம் என்பது பார்த்தாலே தெரிந்தது. மறைப்பு போன கூடு வெயிலுக்கும் காகத்துக்கும் திறந்து கிடக்கும் என்று அன்றே எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடநெருக்கடியாக இருந்திருக்கும், சரி. அதே இதழில் பைனாகுலர் வாங்குவோருக்கு இருபது மடங்கு பெரிதாக்குவதைச் சிபாரிசு செய்யப் பக்கம் இருந்தது. கையில் பிடித்தால் குருவிக்குப் பதில் நடுக்கம்தான் தெரியும். பழகியவர்களில் பெரும்பாலோர் எட்டு மடங்கு மட்டும் பெரிதாக்கும் 8×42-ஐத்தான் சொல்வார்கள். போகட்டும்.

கட்டுரையின் கீழே அடுத்த நடைக்கான அறிவிப்பு இருந்தது. அதில் 'கைப்பேசியில் பறவைக் குரல் ஒலிக்கவிட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் 'தொப்பி கொண்டுவரவும்' என்ற வரியை எடுத்துவிடலாம். தொப்பியைச் சொல்லாமலே கொண்டுவந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்